மூளைக்குள் ஒரு காவல்

நோயெதிர்ப்புச் சக்தியைப் பெருக்கவேண்டும் என்னும் பேச்சு இந்நாளிலே மூலைமுடுக்கெல்லாம் கேட்கின்றது. மருந்துச்சாலைக் கண்ணாடிப் பெட்டிகளிலே அதனைப் பெருக்கும் பாகுகளும் குளிகைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. 2020ஆம் ஆண்டிலே கொரோனாப் பெருநோய் உலகெங்கும் பரவிய பின்னர் இவ்வணிகம் முன்னிலும் தழைத்துவிட்டது. அச்சக்தி கூடக்கூட நன்மை, குறையக்குறையத் தீமை என்பது எல்லாரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கணக்காயிற்று. இக்கணக்குப் பிழை என்பதும், அது பிழையென்று காட்டுவதற்கு மனித மூளையைப்போல் நல்ல சான்று பிறிதில்லை என்பதும், அப்பிழைக்கு வித்திட்டவற்றுள் நாம் வழங்கும் சொல்லும் ஒன்று என்பதும் என் கருத்து. பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே வாசிக்கும் இம்மலரில் அதனைச் சொல்லிவைத்தல் தகும் என்று எண்ணுகின்றேன்.

பயிற்றப்பட்ட தமிழாசிரியன் ஒருவனுக்கு மூளைநோய்களைப் பற்றி எழுத என்ன உரித்துண்டு என்று விஞ்ஞான ஆசிரியர் அறையிலிருந்து ஒரு குரல் எழலாம். நியாயமான குரலே. ஆயினும், உயிரியல் கற்கும் மாணவன் ஒரு சொல் விளங்காதபோது விஞ்ஞான ஆசிரியரிடம் செல்வதில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தமிழாசிரியரிடமே வருகின்றான். "சேர், நிர்ப்பீடனம் என்றால் என்ன?" என்பது இருபது ஆண்டுகளாக நான் கேட்டுவரும் கேள்வி. அதற்கு விடை தேடப் புகுந்தவன் எங்கெங்கோ சுற்றி மூளைக்குள் நுழைந்துவிட்டான் என்று கொள்ளுக.

தமிழகத்தார் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் 'நிர்ப்பீடனம்' என்று வழங்குகின்றன. முன்னையது தமிழ், எளிது, கேட்ட அளவிலே விளங்குவது. பின்னையது வடசொல், நாவைச் சற்றே வருத்துவது. தமிழ்ப்பற்றுடையோர் முன்னையதையே கொள்வர். பிற சொற்களைப் பொறுத்தவரை நானும் அக்கட்சியினனே. இவ்வொரு சொல்லில் மட்டும் வடமொழிக்காக வழக்காட வேண்டியிருக்கின்றது. பீடனம் என்பது வருத்துதல். அவ்வருத்தம் அற்ற நிலை நிர்ப்பீடனம். மேலைநாட்டார் இதற்கு வழங்கும் சொல்லின் மூலமாகிய இலத்தீன் சொல்லும், வரி, ஊழியம் முதலியவற்றினின்று விலக்குப் பெற்றவன் என்னும் பொருளதே. இவ்விரண்டிலும் போர் இல்லை. எதிர்ப்பு என்னும் சொல்லோ வாளையும் கேடயத்தையும் உடன்கொண்டு வருகின்றது. எதிர்ப்பது படை, படை பெரிதாயின் நன்று, ஆகவே படையைப் பெருக்கு. இவ்வாறு சொல்லே சிந்தனையைக் கையிற் பிடித்து நடத்திச் செல்கின்றது.

நிர்ப்பீடனம் இருவகைத்து. ஒன்று கற்றது, மற்றையது பிறவியோடு வந்தது. ஒரு கிருமியை ஒருமுறை கண்டு, அதற்கேயுரிய பிறபொருளெதிரிகளை ஆக்கி, அதன் நினைவை ஆண்டுக்கணக்காகப் பேணுவது கற்ற நிர்ப்பீடனம். தடுப்பூசி ஏற்றுவது அதற்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பதேயாம். பிறவி நிர்ப்பீடனமோ எவரிடமும் பாடங் கேளாதது. பற்றீரியாவின் சுவர், உடைந்த கலத்தின் துண்டு, இருக்கத் தகாத இடத்திற் கிடக்கும் புரதம் என இவை போன்ற பொது அடையாளங்களைக் கண்ட மாத்திரத்தே தொழிற்படத் தொடங்குவது. அவ்வடையாளங்களை அது எவ்வாறு அறிகின்றது என்பதை 1996இற் பழ ஈயிலே ஹொஃப்மன் குழுவினரும், 1998இற் சுண்டெலியிலே பியூட்லர் குழுவினரும் விளக்கினர். 2011இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. ஈக்கும் எலிக்கும் மனிதனுக்கும் பொதுவாயிருக்கும் இவ்வமைப்பின் பழமையைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வமைப்பின் முதன்மைத் தொழிலாளராகிய தின்குழியங்களைப் பற்றிய கொள்கைக்கு அடிகோலியவர் இலியா மெச்னிக்கோவ். 1882ஆம் ஆண்டில் அவர் இத்தாலியின் மெசீனா நகரிலே தங்கியிருந்தார். வீட்டாரெல்லாரும் சர்க்கசிற் குரங்குகளின் வித்தையைப் பார்க்கச் சென்றுவிட, அவர் மட்டும் தனித்திருந்து, ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குடம்பியொன்றை நுணுக்குக்காட்டியிலே நோக்கிக்கொண்டிருந்தார். அதன் உடலில் அலைந்து திரியும் கலங்கள், உள்ளே ஒரு முள் செருகப்பட்டால் அதனைச் சென்று சூழுமோ என்று திடீரென ஓர் எண்ணம் தோன்றிற்று. தோட்டத்திலிருந்து றோசா முட்களைக் கொணர்ந்து குடம்பிகளிற் செருகினார். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாட் காலையிற் பார்த்தால் முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்திருந்தன. அயற்பொருளை விழுங்கிச் சீரணிக்கும் கலங்கள் உடலில் உண்டு என்னும் கொள்கை இவ்வாறு பிறந்தது. 1908இல் அவருக்கும் போல் ஏர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. முதுமையின் காரணத்தை ஆராய்ந்து 1903இல் வெளியிட்ட நூலில், வயது சென்றவரின் மூளையிலே தின்குழியங்கள் நரம்புக்கலங்களையே தின்றுவிடுகின்றன என்று மெச்னிக்கோவ் எழுதினார். குடலிலுள்ள பற்றீரியாக்களின் நஞ்சே இதற்கு மூலம் என்று கருதி, புளித்த பாலை நாள்தோறும் அருந்தியும் வந்தார். மோர் குடித்து வளர்ந்த நமக்கு இது புதுமையன்று. அவர் 1916இல், தமது 71ஆம் வயதிற் காலமானார். புளித்த பால் ஒருபுறமிருக்க, காவல் செய்வோரே மூளையை உண்ணுகின்றனர் என்ற அவரது ஐயத்தை விஞ்ஞானிகள் நெடுங்காலம் மறந்தே போயினர்.

மூளையிற் காவல் செய்யும் கலங்கள் எவை என்பது 1919இலேதான் தெளிவாயிற்று. நரம்புக்கலத்தின் வடிவைக் கண்டு உலகப் புகழ் பெற்ற ஸ்பானிய அறிஞர் கஹால், மூளையில் நரம்புக்கலமும் அதனைத் தாங்கும் உடுவுருக் கலமும் தவிர 'மூன்றாவது கூறு' ஒன்று உண்டு என்று சொல்லிச் சென்றார். அம்மூன்றாவது கூறு ஒன்றன்று, இரண்டு என்பதை அவரது ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா, வெள்ளி காபனேற்றுச் சாயமிட்டுக் காட்டினார். அவ்விரண்டனுள் ஒன்றுக்கு மைக்குறோகிளியா என்று பெயருமிட்டார். கிளியா என்பது கிரேக்க மொழியிற் பசை எனப் பொருள்படும். நரம்புகளை ஒட்டிவைக்கும் பசை என்று எண்ணி முன்னோர் இட்ட பெயர் அது. இக்கட்டுரையளவில் அவற்றைக் காவற்கலம் என்பேன். குருவுக்கும் அவருக்கும் மனக்கசப்பு உண்டாகி 1920இல் ஓர்ட்டேகா அவ்வாய்வுகூடத்தினின்று வெளியேற்றப்பட்டார். பின்னர் உள்நாட்டுப் போரினால் நாட்டையும் விட்டுச் சென்று, 1945இல் ஆர்ஜென்ரீனாவிலே மறைந்தார். இக்கலங்கள் மூளையிற் பிறந்தவையல்ல, கருவளர்ச்சியின்போது வெளியிலிருந்து வந்து குடியேறியவை என்று அவர் கருதியிருந்தார். சுண்டெலிக் கருவின் கருவூண் பையிலே தோன்றும் ஆதித் தின்குழியங்களே மூளையிற் குடிபுகுந்து காவற்கலங்களாகின்றன என்பது 2010இல் நிறுவப்பட்டது. நாடிழந்து இறந்த ஒருவரின் எண்ணம் அறுபத்தைந்து ஆண்டு கழிந்து மெய்ப்பட்டதை எண்ணும்போது எனக்கு அவரிடத்தே தனி அன்பு உண்டாகின்றது.

மூளைக் கலங்களில் நூற்றுக்கு ஐந்து முதற் பத்து வரை இக்காவற்கலங்கள் எனலாம். பகை வராத காலத்தில் இவை உறங்கிக் கிடக்கின்றன என்றே அண்மைக்காலம் வரை கருதப்பட்டது. உயிருள்ள சுண்டெலியின் மூளையை ஊடுருவிப் பார்க்கும் நுணுக்குக்காட்டி கைவந்தபோது, 2005இல், அக்கருத்துத் தலைகீழாயிற்று. உடல் இருந்த இடத்தில் இருக்க, நுண்ணிய கைகளை ஓயாது நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறமெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன காவற்கலங்கள். சிறு குருதிக்கலன் ஒன்றைக் காயப்படுத்தியவுடன் அக்கைகள் யாவும் அத்திசை நோக்கி நீண்டன. அதன் பின்னர் இன்னும் வியத்தற்குரிய செய்தி வந்தது. வளரும் மூளையிலே தேவைக்கு மேற்பட்ட நரம்பிணைப்புகள் உண்டாகின்றன. அவற்றுள் வேண்டாதவை கழிக்கப்படவேண்டும். கழிக்க வேண்டிய இணைப்பிலே நிரப்புப் புரதம் என்னும் பிறவி நிர்ப்பீடனப் பொருள் அடையாளமாக ஒட்டுகின்றது என்று பெத் ஸ்ரீவன்சும் அவர்தம் குழுவினரும் 2007இற் கண்டனர். அவ்வடையாளமிட்ட இணைப்பைக் காவற்கலம் விழுங்குவதை 2012இற் காட்டினர். கிருமியைக் கொல்லப் பயன்படும் அதே கருவி ஈண்டுக் கொப்புக் கழிக்கும் கத்தியாகின்றது. குப்பை அள்ளுதல், இறந்த கலத்தை அகற்றுதல், இணைப்பைச் சீராக்குதல் என்னும் இவையே காவற்கலத்தின் அன்றாட வேலை. இவற்றுள் எதற்கு எதிர்ப்பு என்று பெயரிடுவது?

இனி நோய்க்கு வருவோம். வயது முதிர்ந்தோரின் நினைவும் நிதானமும் குழம்பினால் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று ஒரு சொல்லிலே முடித்துவிடுவது நம்மூர் வழக்கம். அச்சொல் அமைந்தவிதம் அழகுதான். ஆனால் அஃது ஆராய்ச்சியை மூடும் கதவாகவும் இருக்கின்றது. முதுமை வந்தது, அறிவு போயிற்று, இனிச் செய்வதற்கு யாதுமில்லை என்பது அதன் உட்கிடை. 1901ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்து வைத்தியசாலையில் அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர் கண்ட நோயாளியாகிய ஓகுஸ்தே டீற்றர் என்னும் பெண்மணிக்கு வயது 51 மட்டுமே. ஆகவே முதுமை என்று சொல்லி அவர் அமையவில்லை. 1906இல் அப்பெண்மணி இறந்தபின் மூளையை ஆராய்ந்து, நரம்புக்கலத்துக்கு வெளியே படிவுகளும் உள்ளே நார்ச்சிக்கல்களும் இருப்பதை அவ்வாண்டு நவம்பரில் ரூபிங்கன் நகரிற் கூடிய வைத்தியர் அவையிலே எடுத்துரைத்தார். படிவுகள் அமிலோயிட் என்னும் புரதத்தாலானவை என்பதும் சிக்கல்கள் ரோ என்னும் புரதத்தாலானவை என்பதும் 1980களிற் புலனாயின. கிளியாக் கலங்களிலும் மாற்றம் உண்டு, பலவற்றிற் கொழுப்புத் திரண்டிருக்கின்றது என்றும் 1907இல் வெளிவந்த தமது சிறு கட்டுரையில் அல்சைமர் குறித்திருந்தார். படிவையும் சிக்கலையும் உலகம் பற்றிக்கொண்டது. மூன்றாவதைப் பற்றி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிதாக எவரும் கேட்டிலர்.

எங்கள் குடும்பத்திலும் இந்நோய் உண்டு. என் தாயாரின் தமையனார், இளைப்பாறிய தலைமையாசிரியர். கோயிலிற் கந்தபுராண படனத்துக்குப் பயன் சொல்லுதலில் எங்கள் பகுதியிற் பெயர்பெற்றவர். ஒரு செய்யுளின் முதற்சீரை எடுத்துக் கொடுத்தால் இன்றும் பதம்பிரித்துப் பொருள் சொல்வார். காலையில் உண்டாரா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. ஊரார் வழக்கமான அந்த ஒரு சொல்லைச் சொன்னார்கள். கனடாவிலிருந்து வந்த பெறாமகன் ஒருவர், எதிர்ப்புச் சக்தியையும் நினைவாற்றலையும் ஒருங்கே பெருக்கும் என்று மேலொட்டியில் எழுதிய குளிகைப் போத்தல்கள் ஆறு கொண்டுவந்தார். அன்பினாற் செய்தது, அவரைக் குறைகூறுதல் தகாது. ஆனால் அப்போத்தல்களின் விலையில் மாமாவின் செவிக்கு ஒரு கருவி வாங்கியிருக்கலாம்.

கிளியாவைப் பற்றிய கேள்வி 1980களின் பிற்பகுதியிலேதான் மீண்டும் எழுந்தது. கனடாவின் வன்கூவர் நகரிலே பற்றிக் மக்கீர், எடித் மக்கீர் என்னும் தம்பதியர், அல்சைமர் நோயாலும் பார்க்கின்சன் நோயாலும் இறந்தோரின் மூளைகளில் நோயுற்ற இடமெங்கும் காவற்கலங்கள் கிளர்ந்தெழுந்த நிலையில் திரண்டிருப்பதைக் காட்டினர். மூட்டுவாதத்துக்காக அழற்சி தணிக்கும் மருந்துகளை ஆண்டுக்கணக்காக உண்டவர்களிடையே அல்சைமர் நோய் குறைவாகக் காணப்படுகின்றது என்றும் 1990இல் எழுதினர். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று பலரும் முடிவு செய்தனர். மெச்னிக்கோவின் பழைய ஐயம் உயிர்பெற்றது. வேலியைக் கட்டிவைத்தாற் பயிர் பிழைக்கும் அன்றோ?

கட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய பரிசோதனையிலே, 70 வயதும் அதற்கு மேலுமான 2,500க்குச் சற்று மேற்பட்டோருக்கு நப்பிறொக்சென், செலிகொக்சிப் என்னும் இரு அழற்சி தணிப்பிகளோ வெறுங் குளிகையோ கொடுக்கப்பட்டன. இதயத்துக்கு ஊறு நேருமோ என்னும் அச்சத்தால் 2004 டிசெம்பரில் மருந்து நிறுத்தப்பட்டது. தொடர்ந்து கவனித்ததிலும் மறதிநோய் தடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் ஏஎல்எஸ் என்னும் கொடிய நோயிற் கிடைத்த விடை இன்னும் கடுமையானது. மினோசைக்கிளின் என்னும் மருந்து சுண்டெலியின் காவற்கலங்களை அடக்கி நன்மை செய்தது என்று நம்பி 412 நோயாளருக்கிடையே சோதித்தனர். 2007இல் வெளிவந்த முடிவின்படி, மருந்துண்டோர் வெறுங் குளிகை உண்டோரிலும் விரைவாக நலிந்தனர்.

வேலியைக் கட்டினாற் பயன் இல்லை. அப்படியாயின் வேலியைப் பலப்படுத்தினால் என்ன? இக்கேள்விக்கும் ஆதாரம் இருந்தது. பின்லாந்திலும் யப்பானிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட நாசு ஹாக்கோலா நோய் என்ற அரியதொரு நோய் உண்டு. இருபதுகளில் எலும்பு நோவும் முறிவும், முப்பது நாற்பதுகளில் மறதிநோயும் வந்து, ஐம்பதளவில் உயிர் போகும். எலும்புக்கும் மூளைக்கும் என்ன உறவு? எலும்பை அரித்துச் சீராக்கும் கலமும் மூளையின் காவற்கலமும் தின்குழியக் குலத்தைச் சேர்ந்த உறவினர். அவ்விரண்டின் மேற்பரப்பிலும் உள்ள ரெம்-2 என்னும் வாங்கியோ அதனோடு இணைந்து தொழிற்படும் துணைப் புரதமோ அறவே பழுதுபட்டால் இந்நோய் வருகின்றது. அதே வாங்கியின் பரம்பரையலகில் ஒரு சிறு மாற்றம் உடையோருக்கு அல்சைமர் நோய் வரும் ஆபத்து ஏறக்குறைய மும்மடங்கு என்று 2012இன் இறுதியில் ஐஸ்லாந்து ஆய்வாளரும் வேறொரு குழுவினரும் ஒரே வேளையில் வெளியிட்டனர். காவல் இல்லாதொழிந்தாலும் மூளை கெடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அமிலோயிட் படிவைச் சுற்றிக் காவற்கலங்கள் மொய்த்து அரண்போல் நிற்பதற்கு இவ்வாங்கி வேண்டும். அது பழுதானால் அரண் தளர்ந்து, படிவு சிதறி, அயலிலுள்ள நரம்புநார்கள் மேலும் ஊறுபடுகின்றன என்பது சுண்டெலிகளிற் கண்ட உண்மை.

ஆகவே ரெம்-2ஐத் தூண்டும் பிறபொருளெதிரி ஒன்றை ஆக்கி, நோயின் தொடக்க நிலையில் உள்ளோருக்கு ஏற்றிப் பார்த்தனர். 2024 நவம்பரில் முடிவு வந்தது: நோயின் நடை தளரவில்லை. அடக்கினாலும் தோல்வி, தூண்டினாலும் தோல்வி. எதிர்ப்புச் சக்தி என்னும் ஒற்றைத் தராசிலே, கூட்டுவது குறைப்பது என்னும் இரண்டு வேலைகளையே அறிந்தவனுக்கு இம்முடிவுகள் விளங்கா.

விளங்குவதற்கு ஒரு வழி, காலம் என்னும் அளவை உள்ளே கொண்டுவருதல். ஏஎல்எஸ் நோயுண்டாக்கும் பரம்பரையலகைச் சுண்டெலிகளின் காவற்கலங்களிலிருந்து மட்டும் நீக்கியபோது, நோய் தொடங்கும் நாள் பெரிதும் மாறவில்லை. தொடங்கிய பின்னரான நடைதான் மிகவும் தளர்ந்தது. இஃது 2006இல் வெளிவந்த செய்தி. தீயை மூட்டியவை காவற்கலங்கள் அல்ல. மூண்ட தீயைப் பரப்பியவை அவை. மனிதரிடத்திலும் இதற்கொத்த சான்று ஒன்றுண்டு. 1982இல் கலிபோர்னியாவிலே சில இளைஞர், களவாகச் செய்த போதைமருந்தை ஊசியால் ஏற்றிக்கொண்டனர். அதிற் கலந்திருந்த எம்பிரிபி என்னும் நஞ்சு, நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதியின் நரம்புக்கலங்களை அழித்ததால், அவர்கள் சில நாட்களுக்குள் முதியோர்க்கு வரும் பார்க்கின்சன் நோயாளரைப்போல் உறைந்து போயினர். அந்நஞ்சு உண்டோருள் மூவர் 3 முதல் 16 ஆண்டு வரை சென்றபின் இறந்தனர். அவர்தம் மூளைகளை ஆராய்ந்து 1999இல் எழுதிய வைத்தியர்கள், நஞ்சு நெடுங்காலத்துக்கு முன்னரே நீங்கிவிட்ட அவ்விடத்தில் காவற்கலங்கள் இன்னும் கிளர்ந்தே இருந்தன என்றும், நரம்புக்கலங்கள் இன்னும் அழிந்துகொண்டே இருந்தன என்றும் குறித்தனர். கள்வன் போய்ப் பல ஆண்டு ஆகியும் வீட்டுக்காரனை விட்டபாடில்லை காவல்.

காவலருக்கும் வயது செல்கின்றது என்பதையும் மறத்தலாகாது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகளால் வளிமண்டலத்திற் கூடிய கதிர்வீசும் காபனை அளவுகோலாகக் கொண்டு, மனித மூளையின் காவற்கலங்களுக்கு எத்தனை வயது என்று சுவீடன் ஆய்வாளர் 2017இற் கணித்தனர். ஆண்டுதோறும் 28 வீதம் அளவிற் புதுப்பிக்கப்படினும், சில கலங்கள் இருபது ஆண்டுக்கு மேலும் மாற்றமின்றி நிலைக்கின்றன என்பது விடை. அழிவுக்கென்று வெடித்ததிலிருந்து இப்படியும் ஓர் அறிவு கிடைத்தது விந்தையே. நம் குருதியின் வெண்குழியங்களிற் பல நாட்கணக்கில் மாறுவன. மூளையின் காவலனோ சிலவிடத்து இருபது ஆண்டு இளைப்பாறாத ஊழியன்.

நன்மை தந்த மருந்து ஒன்றேனும் இல்லையோ எனின், உண்டு. லெக்கனமாப் என்னும் பிறபொருளெதிரி 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்ததில், நோய் முற்றும் வேகம் 27 வீதம் தளர்ந்தது. அம்மருந்து அமிலோயிட்டைப் பற்றி அடையாளமிடுகின்றது. அடையாளமிட்டதை அள்ளும் வேலையிற் பெரும்பங்கு காவற்கலத்துக்கே. காவலைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எதை அள்ளவேண்டும் என்று சுட்டிக் காட்டியது என்பதே இதன் சிறப்பு. ஆயினும் மருந்து பெற்றோரில் 12.6 வீதத்தினருக்கு மூளையில் வீக்கம் கண்டது. பெரும்பாலாருக்கு அதனால் வெளிப்படையான துன்பம் இருக்கவில்லை. நோய் நின்றுவிடவுமில்லை, இழந்த நினைவு மீளவுமில்லை. புலம்பெயர்ந்த பிள்ளைகள் பத்திரிகையிற் பார்த்துவிட்டுத் தந்தையாருக்கு அதனை அனுப்பலாமா என்று கேட்கின்றனர். தொடக்கத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றி, இடையிடையே மூளையைக் காந்த அலையாற் படம்பிடித்துப் பார்த்தே கொடுக்கவேண்டிய மருந்து. பொதியிற் கட்டி அனுப்பும் பொருளன்று.

நான் சொல்வதைத் தடுப்பூசிக்கு எதிரான வாதமாக எவரும் திரித்துக்கொள்ளலாகாது. தடுப்பூசி படையைப் பெருக்குவதன்று. குறித்த ஒரு கிருமியைக் குறித்துப் பாடஞ் சொல்வது. வேல்ஸ் நாட்டில், 1933 செப்டெம்பர் 2ஆம் நாளும் அதன் பின்னரும் பிறந்தோருக்கே அக்கிப்புடைக்குரிய தடுப்பூசி உண்டு என்று விதித்திருந்தமையால், அந்நாளுக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தோரை ஒப்பிட ஒரு வாய்ப்புக் கிடைத்தது. தடுப்பூசி பெற்றோரிடையே ஏழாண்டில் மறதிநோய் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு என்று 2025இல் வெளியிட்டனர். மொத்தமாகச் சக்தியைப் பெருக்குவதாகச் சொல்லும் போத்தலை இதனோடு ஒருங்கு வைத்தல் முறையன்று.

ஆதலின் பாடநூல் ஆக்குவோரிடமும் விஞ்ஞானம் கற்பிப்போரிடமும் என் வேண்டுகோள் இது. நிர்ப்பீடனத்தைப் போர்க்களமாக வருணித்துப் படைவீரர் படம் வரைவதைச் சிறிது தவிர்த்திடுக. கீழ்வகுப்பில் வரைந்த அப்படம் மேல்வகுப்பிலும் அழிவதில்லை. நாற்பது வயதில் மருந்துச்சாலை வாயிலிலே அதுவே வழிகாட்டுகின்றது. நம் தோட்டத்தில் வேலை செய்பவன் களை பிடுங்குகின்றான், கொப்புக் கழிக்கின்றான், சருகு கூட்டுகின்றான், பாம்பு வந்தால் அடிக்கின்றான். பாம்பு அடிப்பதை மட்டும் சொல்லி அவனுக்குப் பெயரிடுவாரும் உளரோ? தனித்தமிழ் வேண்டும் என்போர் எதிர்ப்பை விடுத்துக் காப்பு என்பதைக் கொள்ளலாம். 'உடற்காப்பு' என்றால் என்ன குறை? நிர்ப்பீடனத்தைக் கைவிட நானும் உடன்படுவேன்.

மருந்துக்குக் காத்திராமற் செய்யக்கூடியன பல உள. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021இல் உலகில் மறதிநோய் உடையோர் 5 கோடி 70 இலட்சம் பேர். அவர்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் நம்முடையதைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர். திருத்தக்கூடிய 14 காரணங்களைச் சீர்செய்தால் மறதிநோயிற் கிட்டத்தட்ட 45 வீதத்தைத் தடுக்கவோ பின்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் ஆணைக்குழு அறிவித்தது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்திரோல், புகைத்தல், அசுத்த வளி என்பன அவற்றுட் சில. இவற்றுட் பல உடலெங்கும் அழற்சியைக் கனலவிட்டு, மூளையின் காவலையும் அமைதியிழக்கச் செய்வன. செவிப்புலன் குறைவும் பார்வைக் குறைவும் அப்பட்டியலில் உள்ளன என்பதைப் பலர் அறியார். கேளாதவனோடு எவரும் பேசுவதில்லை. பேச்சற்ற மூளை விரைவிற் சோர்கின்றது.

யூபிலி நிதியாற் புதிய கட்டடம் எழுப்பப் பழைய மாணவர் சங்கத்தார் எண்ணியிருக்கின்றனர், எழட்டும். அதனோடு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்லூரி மண்டபத்தைத் திறந்துவைத்து, அயலூர் முதியோருக்குக் குருதியமுக்கமும் சர்க்கரையும் செவியும் கண்ணும் பார்க்கும் ஓர் ஏற்பாட்டையும் செய்யலாம். நம் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். விடுமுறையில் ஊர் வருவோரும் உளர். பெயர், வயது, அளவு என்பவற்றைப் பதிந்துகொள்ள உயர்தர வகுப்பு உயிரியல் மாணவர் போதும். செவி பார்க்கும் கருவி ஒன்றை வாங்கவேண்டியிருக்கும். மண்டபம் சனிக்கிழமைகளிற் பூட்டியே கிடக்கின்றது. திறப்பு அதிபர் அலுவலகத்தில் இருக்கின்றது.